சட்டை குடித்த ஒயின்

ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவன் கட்டுரை எழுத உட்கார்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். மன்னித்துவிடுங்கள். நாலு பேர் முன்னால் பேசினால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். காகிதம் பரவாயில்லை, அது என்னைத் திரும்பிப் பார்க்காது.

ஐம்பதுகளின் கடைசி. சிங்கப்பூர் ஆற்றோரம் ஒரு பிரெஞ்சுக்காரரின் கிடங்கில் நான் கணக்கெழுதும் கிராணி. அன்று வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்குச் சிராங்கூன் ரோட்டுக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். பெண்ணின் அப்பா ரெங்கசாமி ஒரு மதுவிலக்குச் சங்கத்தின் காரியதரிசி. மாப்பிள்ளை மேல் பீர் வாசனை வந்தாலே பேச்சு முடிந்தது என்று தரகர் எச்சரித்திருந்தார். அண்ணனின் வெள்ளைச் சட்டையை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, காலையிலிருந்து கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்குத் துரை கூப்பிட்டார். மேசையில் தூசி படிந்த ஒரு பாட்டில். பிரான்சில் போர்டோ பக்கத்தில் அவருடைய மாமா குடும்பத்துக்குச் சின்னதாக ஒரு திராட்சைத் தோட்டம் உண்டு. அங்கே செய்த சிவப்பு ஒயின், என்னைவிட இரண்டு வயது மூத்தது. முகர்ந்தார், ஒரு மடக்குக் குடித்தார், கண்ணை மூடினார். பிறகு அதே கண்ணாடித் தம்ளரை என்னிடம் நீட்டினார்.

“நீதானே இதைப் பத்திரமாக வைத்திருந்தாய். ருசி பார்.”

வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். அவர் உதடு பட்ட தம்ளரில் என் உதட்டை வைக்க அதைவிடக் கூச்சம். (எச்சில் பாத்திரத்தில் குடித்தால் அம்மா கனவில் வந்து அடிப்பார்.) ஒரு சொட்டுதானே என்று, வீட்டில் தண்ணீர் குடிப்பதுபோல் அண்ணாந்து தூக்கிப் பிடித்தேன். அந்தத் தம்ளரோ வயிறு பெருத்து வாய் குறுகியது. சாய்த்தேன், வரவில்லை. இன்னும் சாய்த்தேன், மொத்தமும் வந்தது. மூக்குக்குக் கொஞ்சம், கழுத்துக்குக் கொஞ்சம், பாக்கியெல்லாம் அண்ணன் சட்டைக்கு. வாய்க்குள் போன துளி தேயிலைபோல் துவர்த்து, பிறகு உலர்ந்த திராட்சையாக இனித்து, நாக்கைவிட்டுப் போக மறுத்தது.

“எப்படி?”

“ரொம்ப நல்லாயிருக்கு சார்,” என்றேன், தாடை சொட்டச் சொட்ட.

குழாயடியில் சோப்புப் போட்டதும் சிவப்பு நீலமாகிப் பரவியது. மாற்றுச் சட்டைக்கு நேரமில்லை. டிராலி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஓர் அம்மா வாசனை தாங்காமல் எழுந்து நின்றுகொண்டார்.

பெண் வீட்டில் ரெங்கசாமி மூக்கைச் சுருக்கினார். “தம்பி, சட்டையில என்ன?”

“வெத்தலச் சாறுங்க.”

காப்பி கொண்டுவந்த பெண் தன் அம்மாவிடம் மெதுவாகத்தான் கேட்டாள். கூடம் முழுக்கக் கேட்டது. “வெத்தலய நெஞ்சாலயா மென்னாரு?”

(நான் சட்டையில் எதைச் சிந்தினாலும் அவள் பெற்ற பிள்ளைகள் இன்றும் இதைத்தான் கேட்கிறார்கள்.)

உண்மையைச் சொல்லிவிட்டேன். “உங்க துரைகிட்ட விசாரிச்சிட்டுதான் மத்த பேச்செல்லாம்,” என்று எழுந்துகொண்டார் ரெங்கசாமி.

மறுநாள் சனிக்கிழமை. பத்து மணிக்கு அவர் கிடங்குக்கு வந்தார். துரை நடந்ததைச் சொல்லி, இது சாராயமில்லை என்று காட்ட, தானும் ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தை அதே தம்ளரில் நீட்டினார். ரெங்கசாமி வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். வாங்கி, அண்ணாந்து குடித்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.