இருநூற்றுப் பதினான்கு டிக் போட்ட அண்ணன் எழுதுவது

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அண்ணியும் நலம். அங்கு நீ நலமா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. உன் நலத்தைக் கெடுத்தவனே நான்தான் என்பதால் அந்த வரியை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கணினியை விட்டுவிட்டு இதைத் தாளில் எழுதுகிறானே என்று நினைக்காதே. கணினியில் எதைத் தட்டினாலும் அது கேமராமேன், கலைப் பிரிவுக்காரர், உடைக்கார அம்மா என்று ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. தாள் அப்படியல்ல, நாம் கொடுத்தால்தான் போகும். முப்பத்தோரு வருஷம் குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் இருந்தேன். என் கைக்கு வந்த ஒரு தாள்கூடத் தொலைந்தது கிடையாது. வேறு எதில் என்னைக் குறை சொன்னாலும் இதில் யாரும் சொல்ல முடியாது.

நீயும் அதை நம்பித்தானே கூப்பிட்டாய்? "அண்ணா, இருபது பேரு சேந்து ஒரே திரைக்கதையில வேல செய்யறோம். ஆளாளுக்கு ஒரு குறிப்பு எழுதறாங்க. ஒண்ணும் விட்டுப்போகாம பாத்துக்கணும். உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று நீ கேட்டபோது, ஓய்வுபெற்ற நாளிலிருந்து கூனிப்போயிருந்த என் முதுகு தானாக நிமிர்ந்தது. உன் அண்ணி அப்போதே சொன்னாள், "போன்ல வர்ற போட்டோவப் பெருசாக்கிப் பாக்கவே உங்களுக்கு ஒரு ஆள் வேணும். இதுல சினிமாவா?" என்று. நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஐம்பதாவது வயதில் உன் முதல் படத்தை எடுக்கப் போகிறாய். உனக்கு எதையாவது செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. அதற்கு வேறு காரணமும் உண்டு, அது இருக்கட்டும்.

அந்த மென்பொருளுக்குள் நுழைவதே பெரும்பாடாக இருந்தது. பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். பலவீனமாக இருக்கிறது என்றது. என் வயதுக்கு அது பழக்கமான செய்திதான் என்பதால் வருத்தப்படாமல் பலமாக ஒன்று கொடுத்து, அதைத் தாளில் எழுதி, தாளுக்கு வரிசை எண் போட்டுக் கோப்பில் வைத்தேன். அப்புறம் உங்கள் பொறுப்பு என்ன என்று ஒரு பட்டியலை நீட்டியது. இயக்குநர், தயாரிப்பாளர், எழுத்தாளர், பார்வையாளர் என்றெல்லாம் இருந்தது, தலைமை எழுத்தர் மட்டும் இல்லை. முதல் நாளே முந்திக்கொள்ள வேண்டாமென்று அடக்கமாகப் பார்வையாளரைத் தொட்டேன். இரண்டு நாள் மாங்குமாங்கென்று தட்டியும் ஒரு எழுத்து விழவில்லை. லேப்டாப் கெட்டுவிட்டதென்று பழுதுபார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சார், பார்வையாளர்னா பாக்கத்தான் முடியும்" என்றார். இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாளா என்று கேட்காதது அவருடைய பெருந்தன்மை. அதன்பிறகுதான் நீ எனக்கு முழு அனுமதி கொடுத்தாய். கோபித்துக்கொள்ளாதே, இந்த விவகாரத்தில் நீ செய்த ஒரே தப்பு அதுதான்.

உள்ளே போனால் பக்கத்தின் மேல் பச்சையும் மஞ்சளுமாகச் சின்னச் சின்னக் கொடிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. பூச்சியென்று நினைத்துத் துணியால் துடைத்தேன், போகவில்லை. உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் கேமரா, கலை, உடை என்று எழுதியிருந்தது. அதாவது அந்தப் பிரிவின் ஆள் இந்த நிமிஷம் அதே பக்கத்தில் இருக்கிறார். ஒருவர் நம் மேசைப் பக்கம் வந்தால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? பச்சைக் கொடி வந்தால் "வணக்கம், வாங்க" என்று தட்டினேன். மஞ்சள் வந்தால் "வணக்கம், சௌக்கியமா?" ஒருவரும் பதில் சொல்லவில்லை. சினிமாக்காரர்களுக்கு மரியாதையே தெரியவில்லை என்று அண்ணியிடம் குறைப்பட்டுக்கொண்டேன். நான் தட்டியதெல்லாம் அந்தந்தக் காட்சியில் வசனமாக விழுந்துகொண்டிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? பன்னிரண்டாம் காட்சியில் கதாநாயகியின் கணவன், வேலை போன ஆத்திரத்தில், மேலாளரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, "வணக்கம், வாங்க" என்கிறான். அந்த நடிகர் அதை மனப்பாடமே செய்துவிட்டு உன்னிடம் வந்து, "மேடம், அந்த எடத்துல ஒரு வணக்கம் வெச்சீங்க பாருங்க, ஒடம்பே சிலிர்த்துடுச்சு" என்றாராமே. அவரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடு.

இதெல்லாம்கூடப் போகட்டும், டிக்குக்கு வருகிறேன். திரைக்கதையின் ஓரத்தில் எல்லோரும் எழுதிய குறிப்புகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன டிக் அடையாளம். எங்கள் அலுவலகத்தில் டிக் என்றால் பார்த்தாயிற்று என்று அர்த்தம். படித்தேன் என்றும் அல்ல, ஒப்புக்கொண்டேன் என்றும் அல்ல. இந்தத் தாள் என் மேசையைத் தாண்டியது, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நானூறு தாளுக்குப் போட்ட கை இது, சும்மா இருக்குமா? ஒரே காலைப்பொழுதில் இருநூற்றுப் பதினான்கு குறிப்புக்கும் டிக் போட்டு முடித்தேன். ஒவ்வொன்றும் தொட்டவுடன் மறைந்து, கடைசியில் ஓரம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாகக் கிடந்ததைப் பார்த்துச் சோம்பல் முறித்துக்கொண்டேன். உங்கள் மென்பொருளில் டிக் என்றால் முடிவாகிவிட்டது, அப்படியே செய்யலாம் என்று அர்த்தமாம். முழு அனுமதி உள்ளவன் போட்டால் இயக்குநரே சொன்ன மாதிரியாம். அடுத்த நிமிஷமே இருபது பேருக்கும் தகவல் பறந்திருக்கிறது.

கலைப் பிரிவுக்காரர், "வாசல் கதவு பச்சையா, நீலமா?" என்று கேட்டிருந்தார். டிக் போனதும் மனிதர் குழம்பிப்போய், ஒரு கதவுக்குப் பச்சையும் மறு கதவுக்கு நீலமும் அடித்துவிட்டார். படப்பிடிப்புக்கு வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு வெளியூர் போய்த் திரும்பிய வீட்டுக்காரர் தன் வீட்டைத் தாண்டி நான்கு வீடு போய்விட்டுத் திரும்பி வந்தாராம். கேமராமேன் ஒன்பது காட்சிகளில் "இங்கே மழை வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார், ஒன்பதிலும் மழை. அதில் ஒன்று சமையலறைக்குள் நடக்கிற காட்சி. "வீட்டுக்குள்ள மழை! மேடம் எங்கியோ போயிட்டாங்க" என்று அவர் எல்லோரிடமும் வியந்துகொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டேன். உதவி இயக்குநர், "அத்தை பாத்திரம் தேவையா? தூக்கிவிடலாமா?" என்று கேட்டிருந்தார். தூக்கியாயிற்று. நாற்பது வருஷம் மேடையில் நடித்த அந்த அம்மா, உன் அலுவலகத்துக்குச் சாப்பாட்டுப் பையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "கதையில நான் இல்லேன்னா எங்கியாவது செத்திருக்கணும் இல்ல? எந்தக் காட்சின்னு சொல்லுங்க. செத்துக் காட்டிட்டுப் போறேன்" என்று சொன்னபோது நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் தண்ணீர்க் கேனுக்குப் பின்னால் போய் நின்றேன்.

எட்டு நாள் உனக்குப் பாழாயிற்று. ஒவ்வொன்றையும் நீ உட்கார்ந்து சரிசெய்தாய். மழையை நிறுத்தினாய், அத்தையைத் திரும்பக் கூட்டிவந்தாய். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை உன் போன் வந்தபோது, இன்றைக்குச் சரியாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று தயாராக நின்றுகொண்டுதான் எடுத்தேன். நீ சொன்னாய், "அண்ணா, முப்பத்தொண்ணாவது காட்சிக்கு நீ டிக் போட்டதப் பாத்தேன். அங்கியே உக்காந்து அழுதுட்டேன். மத்ததெல்லாம் போகட்டும்ணா. எனக்கு இது ஒண்ணு போதும். வியாழக்கிழமை அதத்தான் எடுக்கறோம்."

நான் "ம்" என்றேன். எனக்கு அந்தக் காட்சி என்னவென்றே தெரியாது.

டிக் போட்ட குறிப்புகள் அழிவதில்லையாம், ஒரு மூலையில் பத்திரமாகக் கிடக்குமாம். அதை அண்ணிதான் தேடி எடுத்துக் கொடுத்தாள். உன் குறிப்பைப் படித்தேன். "அண்ணா, இது நம் வீட்டில் நடந்தது. திரைப்படப் பயிற்சிப் பள்ளிக்கு நான் எழுதிய விண்ணப்பம், காப்பாளர் கையெழுத்துக்காக உன்னிடம் கொடுத்தது, ஆபீஸ் கோப்புகளோடு கலந்து தொலைந்துபோனதை அப்படியே எழுதியிருக்கிறேன். உன்மேல் குற்றம் வராத மாதிரிதான் எழுதியிருக்கிறேன். நடந்தது இதுதானே? வேறு மாதிரி என்றால் நீயே திருத்திவிடு. எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம்." அதற்குக் கீழேயே கலைப் பிரிவுக்காரர், "அந்தக் காலத்து விண்ணப்பம் ஒன்று மாதிரிக்குக் கிடைக்குமா? எங்கேயும் அகப்படவில்லை" என்று கேட்டிருந்தார். அதற்கும் டிக் போட்டிருக்கிறேன்.

காட்சியையும் படித்தேன். தொடக்கத்தில் ஆட்களை அறிமுகம் செய்கிறாயே, அதில் "அண்ணன், வயது முப்பத்திரண்டு, நல்லவர்" என்று எழுதியிருக்கிறாய். விண்ணப்பம் காணாமல் போனதும் அந்த அண்ணன் அலுவலகத்தில் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து தேடுகிறான். தேடித் தேடித் தளர்ந்து, தரையில் தாள்களுக்கு நடுவே உட்கார்ந்துவிடுகிறான். தங்கை அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "விடுண்ணா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்கிறாள். நீ அன்றைக்கு அதே வார்த்தையைத்தான் சொன்னாய். அடுத்த வருஷம் உனக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது.

ஆக, நான் சொல்ல வந்தது இதுதான். உன் குறிப்பைப் படிக்காமல்தான் டிக் போட்டேன். நீ எனக்காக அழுதது வீண். மற்றபடி நடந்தது நீ எழுதியபடியேதான், கோப்புகளோடு கலந்து தொலைந்துவிட்டது. காட்சி அப்படியே இருக்கட்டும். என்னை அந்த மென்பொருளிலிருந்து எடுத்துவிடு. நான் இனிமேல் அதன் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். உன் படப்பிடிப்பு வெயிலுக்கு வெயிலும், கேட்ட இடத்தில் மட்டும் மழையுமாக நல்லபடி நடக்கட்டும். உன் குழுவில் எல்லோருக்கும் என் வணக்கத்தைச் சொல், இந்தத் தடவை வசனத்தில் இல்லாமல். அத்தையாக நடிக்கும் அம்மாவுக்குத் தனியாக ஒன்று சொல்.

என்றும் உன் நலம் கோரும்,
அண்ணன்

பி.கு.: கடிதத்தை உன்னிடம் கொண்டுவரச் செருப்பை மாட்டிக்கொண்டு அண்ணி வாசலில் நிற்கிறாள். "முடிச்சாச்சா இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். ஒட்டுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். என் கைக்கு வந்த ஒரு தாள்கூடத் தொலைந்தது கிடையாது என்று ஆரம்பத்தில் எழுதியிருக்கிறேன், பார். அதுதான் உண்மை. மற்றதைத் திருத்திக்கொள்.

உன் விண்ணப்பம் தொலையவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் நான் ஒரு வரி விடாமல் மூன்று தடவை படித்த ஒரே தாள் அதுதான், அதில்தான் கையெழுத்துப் போடவில்லை. கடைசித் தேதி தாண்டும்வரை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். தாண்டிய மறுநாள் தொலைந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். அப்பா போய் ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. நீயும் போய்விட்டால் அம்மாவை நான் ஒருவனே பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஏதாவது இருந்திருந்தால் எழுதியிருப்பேன்.

அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றேன், மன்னித்துவிடு, சற்றுமுன் இன்னொரு தடவை உள்ளே போய்வந்தேன். முப்பத்தோராவது காட்சியில் அலமாரிகளை எடுத்துவிட்டு ஓர் இழுப்பறையை எழுதியிருக்கிறேன். "நல்லவர்" என்பதை அழித்திருக்கிறேன். எல்லோரும் பார்ப்பார்கள் என்று தெரிந்துதான் செய்தேன். உன் குறிப்புக்கு நான் போட்ட டிக்கையும் எடுத்துவிட்டேன், இப்போது அது பழையபடி ஓரத்தில் நிற்கிறது. படித்தபின் டிக் போடுவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். கலைப் பிரிவுக்காரரிடம் மாதிரி தேட வேண்டாம் என்று சொல், அசலையே இத்துடன் அனுப்புகிறேன். மடிப்பில் மட்டும் லேசாகக் கிழிந்திருக்கிறது.

இணைப்பு: விண்ணப்பம், ஒன்று.