ஒன்பதாம் மாடியில் நடந்த கெலி மீன்கள்

காய்கறியை நானே வளர்க்கத் தொடங்கியதற்குக் காரணம் உடல்நலம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பொய். பசாரில் கீரை விற்கிற அக்கா, "வேற என்னா வேணும் அண்ணே?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வியர்க்கும். (ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் ஒருமுறை முழுப் பூசணிக்காயைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறேன்.)

பிறை நகரில் நான் வேலை செய்த தொழிற்சாலையில் ஆட்குறைப்பு செய்தபோது எனக்கு வயது நாற்பத்தொன்பது. படிப்பு ஆறாம் ஆண்டோடு சரி. என் மனைவி சாந்தியின் அண்ணன் ஜுருவில் ஒரு காவல் நிறுவனத்தில் சூப்பர்வைசர். செய்தி தெரிந்த மறுநாளே வந்துவிட்டார்.

"கார்டு வேல ஈசிலா மாப்ள. கேட்ட தொறக்கணும், மூடணும். வர்றவங்கள நிப்பாட்டி, யாரு, எந்த வீட்டுக்குப் போறீங்கன்னு கேக்கணும். அவ்ளோதான்."

அவ்வளவுதானாம். தினமும் நூறு அந்நியர்களை நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டுமாம். மச்சான் போனதும் சாந்தியிடம், "நம்ம சாப்பாட்ட நாமே வெளைய வச்சிக்கலாம். சம்பளம் இல்லாட்டியும் சமாளிச்சிக்கலாம்" என்றேன். ஜார்ஜ் டவுனில், அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் நின்றுகொண்டு சொன்னேன்.

அவள் விரல் விட்டு மாதங்களை எண்ணினாள். "புரட்டாசி முடியிற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஒங்க தோட்டம் ஒரு வேள சாப்பாடாச்சும் போடணும். இல்லாட்டி அண்ணே சொன்ன வேலைக்குப் போயிருங்க."

மகளின் கைத்தொலைபேசியில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பெரிய நீலப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி நாற்பது கெலி (கெளுத்தி) மீன் குஞ்சுகளை விட்டேன். மூடியில் ஓட்டைகள் போட்டு, பிளாஸ்டிக் கோப்பைகளில் கங்கோங் கீரை நட்டேன். மீனின் கழிவு கீரைக்கு உரம். மூன்று மாதத்தில் மீன் குழம்புக்குத் தயாராகிவிடும். மாதங்களைச் சரியாகத்தான் எண்ணினேன். நாள்காட்டியைத்தான் பார்க்கவில்லை. மீன் முழங்கை நீளம் வளர்ந்த வாரத்தில் புரட்டாசி பிறந்தது. அந்த மாதம் எங்கள் வீட்டுக்குள் முட்டை கூட வராது.

பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா கத்தோலிக்கர். அவருக்குப் புரட்டாசி கிடையாது. கொடுத்திருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பார். ஆனால் கொடுக்க வேண்டுமென்றால் கதவைத் தட்ட வேண்டுமே. பதினோரு வருடப் பழக்கத்தில் அவரிடம் நான் பேசிய மொத்தப் பேச்சு "ஆங்" என்பதுதான். ஆகவே நாற்பது மீன்களும் தின்று தின்று பெருத்தன. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கீரையை நம்புவது என்று முடிவு செய்தேன்.

மூன்றாம் சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை. மச்சானும் வருவதாக இருந்தது. காலையில் கங்கோங்கை அறுத்துப் பொரியலுக்குக் கொடுத்தேன். சாந்தி மூக்கைச் சுளித்தாள். "அந்தப் பீப்பாய வெளிய வைங்க. பெருமாளே எந்திரிச்சுப் போயிருவாரு." இழுத்துக்கொண்டு போய் வெளித் தாழ்வாரத்தின் ஓரத்தில் வைத்தேன். நாற்றம் குறையட்டும் என்று மூடியையும் கழற்றிக் குளியலறையில் ஊறப் போட்டேன். நேர் மேலே உடைந்த மழைக்குழாய் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

பூசை முடிந்து இலை போடும்போது மழை கொட்டியது. மச்சான் கங்கோங் பொரியலை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

"எங்க வாங்குனீங்க மாப்ள? பிஞ்சா இருக்கு."

"நான்தான்... வளத்தேன்."

"இங்க மண்ணு ஏது?"

"மண்ணு இல்ல. தண்ணியிலதான்."

"சரி, என்னா உரம் போடுறீங்க?"

நான் அவர் இலையில் ரசம் ஊற்றினேன். பதிலை ஒரு கெலி மீன் கொண்டு வந்தது. திறந்திருந்த வாசல் வழியாக, ஈரத் தரையில் இரண்டு பக்கத் துடுப்புகளையும் ஊன்றி ஊன்றி வந்து, மச்சானின் இலை ஓரத்தில் நின்றது. மீசை ஆடியது. மச்சான் மீனைப் பார்த்தார். கீரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்படியே எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

"இது ஒண்ணுதானாங்க?" என்றாள் சாந்தி மெதுவாக.

"நாப்பது."

தாழ்வாரத்துக்கு ஓடினேன். பீப்பாய் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கிடைத்ததை எல்லாம் துண்டால் சுற்றிப் பிடித்தேன். (கெலியின் முள் குத்தினால் கை வீங்கும். வீங்கியது.) இருபதுதான் கிடைத்தன. மீதி வீடுகளுக்குள் போய்விட்டன. இத்தோடு விட்டுவிடலாம் என்று நினைத்தேன். சாந்தி விடவில்லை.

"புரட்டாசி சனிக்கெழமையில ஒரு உசுரு போச்சுன்னா ஒங்களோட பேச மாட்டேன். போங்க, வீடு வீடா கேளுங்க."

பதினோரு கதவுகள். பிலோமினா அக்கா வீட்டு முன்னால் நின்று வசனத்தை மூன்று முறை மனப்பாடம் செய்த பிறகுதான் தட்டினேன்.

"அக்கா... மீனு..."

"வேணாம் அண்ணே, நேத்துதான் வாங்குனேன்."

"விக்கலக்கா. என் மீனு. ஒங்க வீட்டுக்கு வந்துச்சா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வரேன்னு சொல்லிச்சா?"

செருப்பு அலமாரிக்கு அடியில் நான்கு இருந்தன. எல்லோரும் மாச்சே என்று கூப்பிடும் அடுத்த வீட்டு மலாய் அம்மா ஒன்றைச் சோறு மூடுகிற கூடையால் கவிழ்த்துவைத்து, காவலுக்கு நின்றுகொண்டிருந்தார். கடைசி வீட்டுச் சீனப் பெரியவரின் குளியலறையில் மூன்று. அவரிடம் என் அரைகுறை மலாயில், "மன்னிக்கவும், என் மீன் உள்ளே வந்ததா?" என்று கேட்டபோது குரல் நடுங்கவில்லை என்பதைக் கவனித்தேன். நடுக்கம் ஏழாவது வீட்டிலேயே நின்றுபோயிருக்க வேண்டும்.

முப்பத்தெட்டு மீன்களோடு திரும்பினேன். மச்சான் வாசலில் கைகட்டி நின்றார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

"அந்தக் கீர சாப்பாட்டுக் கணக்குல வருமா?" என்று சாந்தியிடம் கேட்டேன்.

"அண்ணன் வெரதத்தையே முறிச்சிட்டீங்க. கணக்கு வேற கேக்குதோ."

மச்சான் சிரிக்கவில்லை. "மாப்ள, பதினோரு வீட்டுக் கதவத் தட்டி, யாரு வந்தா, எங்க போனான்னு ஒண்ணு விடாம விசாரிச்சீங்க. எங்கிட்ட இருக்கற கார்டுங்க ஒருத்தனும் இப்படி வேல பாத்ததில்ல. திங்கக்கெழம காலையில வந்துருங்க."

போனேன். நான்கு வருடமாகிறது, இன்னும் போகிறேன். புரட்டாசி முடிந்ததும் மீன்களைப் பதினோரு வீடுகளுக்கும் பங்கு போட்டுக் கொடுத்தேன். மறுபடியும் பதினோரு கதவுகள்.

இரண்டு மீன்கள் மட்டும் என்ன ஆயின என்று இன்றுவரை தெரியவில்லை. பிலோமினா அக்கா வீட்டில் அன்று மாலை குழம்பு மணத்ததாக என் மகள் சொல்கிறாள். நான் விசாரிக்கவில்லை. வேலை முடிந்து மின்தூக்கியை விட்டு வெளியே வரும்போதெல்லாம், கடைசி வீட்டுப் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்பார்: "இக்கான் சூடா பாலேக்?" மீன் வீடு திரும்பியாச்சா என்று அர்த்தம்.

"இன்னும் ரெண்டு வரணும் அங்கிள்" என்று நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குள் போகிறேன்.