கேப்டன் ஹிலேர் சுற்றுலா போனார்

"குட் மார்னிங்!" என்றார் ஹிலேர், பஸ் படியில் நின்றபடி.

உள்ளே உட்கார்ந்திருந்த பதினொரு சுற்றுலாப் பயணிகளும் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

செயின்ட் லூசியாவில் குட் மார்னிங் சொல்லாதவனுக்கு யாரும் மீன் விற்கமாட்டார்கள், வழி சொல்லமாட்டார்கள். பல் டாக்டர்கூடப் பல்லைத் தொடமாட்டார். ஹிலேர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு படியிலேயே நின்றுவிட்டார்.

"குட் மார்னிங்குன்னேன்! பதில் வர்ற வரைக்கும் பஸ் கிளம்பாது."

பதினொரு பேரும் பயந்துபோய்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் சொன்னார்கள். வழிகாட்டிப் பெண் ஷெர்னா கை தட்டினாள்.

"சூப்பர் அங்கிள்! இப்படி ஒரு உள்ளூர்க்காரரைத்தான் தேடிட்டிருந்தேன். முன் சீட்டுல என் பக்கத்துல உக்காருங்க. இன்னிக்கு உங்களை விடவே மாட்டேன்."

ஹிலேர் பின் சீட்டையே பார்த்தார். நடுவில் எங்காவது நழுவுவதாக இருந்தால் பின் சீட்டுதான் வசதி.

அவர் வந்திருக்கவே கூடாது. சர்ச் குலுக்கலில் முதல் பரிசு ஒரு பன்றி. அது எப்படியோ பாதிரியாரின் தங்கை வீட்டுக்கே போய்விட்டது. இரண்டாம் பரிசான 'தீவைச் சுற்றி ஒரு நாள்' சீட்டு, ஐம்பத்து மூன்று வருடமாக அந்தத் தீவிலேயே மீன் பிடித்துக்கொண்டிருக்கும் ஹிலேருக்கு விழுந்தது. அந்தச் சீட்டுக்கும் இந்தச் சனிக்கிழமைதான் கடைசி நாள். பன்றியை விட்டாயிற்று, இதையும் விட்டால் அவர் மனுஷனே இல்லை.

ஆனால் சனிக்கிழமை நாலு மணிக்கு டாமினோ இறுதி ஆட்டம். ஹிலேர்தான் ஊர் அணியின் கேப்டன். ஆறு வருடமாகக் கேப்டன். ஆறு வருடமாகத் தோல்வி. இந்த முறை பக்கத்து ஊர்க்காரர்கள் கோப்பையை வாங்கக் காலிப் பையோடு வருவதாகக் கேள்வி.

"யோவ், சுற்றுலாவும் வேணாம் ஒண்ணும் வேணாம். சனிக்கிழமைன்னா நீ டாமினோ மேஜையில இருக்கணும்," என்று மனைவி வெரோனிக் ஒற்றைக் காலில் நின்றாள்.

"கேப்டன், நீங்க இல்லாம நாங்க என்ன பண்ணுவோம்?" என்று கூட்டாளி காஸ்பர் கையைப் பிடித்துக்கொண்டான்.

அந்தப் பாசம் ஹிலேரை உருக்கியது. வெரோனிக் ஆறு வருடமாக வாராவாரம் அணிக்கு ஒரு சட்டி மீன் குழம்பு அனுப்புகிறாள். போன மாதம் அவருடைய இளவயதுப் போட்டோவுக்குச் சட்டம் போட்டு மாட்டி, கீழே மெழுகுவர்த்திகூட வைத்திருந்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு எந்த மனைவி செய்வாள்? அதனால், வலை பின்னிவிட்டு அப்படியே ஆட்டத்துக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார்.

முதல் இடம் அருவி. வாசலில் டிக்கெட் கேட்டார்கள்.

"இந்த அருவிக்கா? எங்கம்மா எனக்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டின அருவிக்கா?"

"நீங்க குளிச்சப்ப கைப்பிடி இல்ல அங்கிள். இப்ப இருக்கு," என்றான் வாசல்காரன்.

இந்தக் கைப்பிடி விவாதத்தில் நாற்பது நிமிடம் போயிற்று. பயணிகள் அதையும் சுற்றுலாவின் ஒரு பகுதி என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

போன நேரத்தைப் பிடிக்க ஹிலேர் குறுக்கு வழி சொன்னார். "வாழைத் தோட்டத்துக்குள்ள விடுப்பா. பத்து நிமிஷம் மிச்சம்."

அந்தக் குறுக்கு வழி கழுதைக்கானது என்பதை அவர் மறந்திருந்தார். பஸ் அச்சு வரை புதைந்தது. எல்லோரும் இறங்கி ஒன்றரை மணி நேரம் தள்ளினார்கள். இங்கிலாந்திலிருந்து வந்திருந்த மிசஸ் பெண்டில் என்ற வயதான அம்மாள் மட்டும் வாழை இலையால் எல்லோருக்கும் விசிறினார்.

"அற்புதம்! விளம்பரத்தில இதைப் போடவே இல்லையே!" என்றார் அவர்.

கந்தக ஊற்றுக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. அழுகிய முட்டை வாடை அடிக்கும் சாம்பல் நிறச் சேற்றை அள்ளித் தலை முதல் கால் வரை பூச வேண்டும். காய்ந்ததும் கழுவ வேண்டும்.

"எனக்கு வேணாம்," என்றார் ஹிலேர்.

"எல்லாரும் பூசினாத்தான் குரூப் போட்டோ. போட்டோ எடுத்தாத்தான் பஸ் கிளம்பும்," என்றாள் ஷெர்னா. காலையில் அவர் பேசிய அதே தோரணை.

பூசிக்கொண்டார். கழுவும் இடத்தில் வேறு மூன்று பஸ் கூட்டம் வரிசையில் நின்றது. ஹிலேர் வெடித்தார்.

"கழுவவும் வேணாம், ஒரு எழவும் வேணாம்! சேறு ஊற ஊறத்தான் தோலுக்கு நல்லது. ராத்திரி வரைக்கும் வெச்சிருக்கணும்னு எங்க ஊர் வைத்தியர் சொல்லியிருக்கார். ஏறுங்க பஸ்ல!"

அப்படி ஒரு வைத்தியர் கிடையாது. பன்னிரண்டு சாம்பல் சிலைகள் பஸ்ஸில் ஏறின.

"நேரமாச்சு. நேரா கடைசி இடத்துக்குப் போறோம். என்ன இடம்னு சொல்லமாட்டேன். கைக்குட்டை மட்டும் தயாரா இருக்கட்டும்," என்றாள் ஷெர்னா.

பஸ் திரும்பிய திசையைப் பார்த்ததும் ஹிலேருக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல் இருந்தது. அவருடைய ஊருக்கே போகிறது! மணி நாலரை. பரவாயில்லை, கேப்டன் இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்கமாட்டார்கள்.

பஸ் ஊருக்குள் நுழைந்தது. மேல் தெருவில் ஏறியது. நீலக் கதவு போட்ட ஒரு வீட்டின் முன் நின்றது.

அது ஹிலேரின் வீடு.

வாசலில் கறுப்பு கவுன் போட்டுக்கொண்டு வெரோனிக் நின்றாள். சாவு வீடுகளுக்கென்று வாங்கியதாக அவள் சொல்லியிருந்த கவுன். பன்னிரண்டு சிலைகளையும் உட்காரவைத்து, சூடாகக் கொக்கோ டீ ஊற்றிக் கொடுத்தாள். ஹிலேர் கையில் டம்ளரைத் தரும்போதுகூட அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். ஒரு நாள் சத்தமாப் பேசினதில்ல. பாத்திரம் எல்லாம் அவர்தான் கழுவுவார். குறட்டைகூட விடமாட்டார்," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஹிலேருக்கு ரத்தம் கொதித்தது. யார் அவன்? இருபத்திரண்டு வருடமாகத் தன்னிடம் மறைத்த அந்த முதல் புருஷன் யார்?

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை படகு எடுத்துட்டுப் போனார். படகு மட்டும்தான் திரும்பி வந்துச்சு." வெரோனிக் சுவரில் இருந்த போட்டோவுக்குக் கீழே மெழுகுவர்த்தியை ஏற்றினாள்.

போட்டோவில் ஹிலேர் சிரித்துக்கொண்டிருந்தார்.

மிசஸ் பெண்டில் தேம்பியபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் வர்றது இது மூணாவது தடவை. எப்ப கேட்டாலும் தாங்கமுடியல. நீங்களும் அழுறீங்களா?"

ஹிலேரின் கன்னத்துச் சேற்றில் இரண்டு கோடுகள் இறங்கியிருந்தன. ஆத்திரத்தில் வந்தவை. அங்கேயே எழுந்து நின்று கத்தியிருப்பார். ஆனால் சுவர்க் கடிகாரம் நாலு ஐம்பது காட்டியது. இவளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கோப்பை ஊருடைய மானம்.

கையை உதறிக்கொண்டு பின்கட்டு வழியாக இறங்கி ஓடினார். படகுத்துறையோரத்து ரம் கடையில் அணி முழுவதும் மேஜை மேல் ஏறி நின்று ஆடிக்கொண்டிருந்தது. நடுவில் காஸ்பர், தலைமேல் கோப்பையோடு.

"மேட்ச்...?" என்றார் ஹிலேர். ஓடி வந்ததில் அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

"வாங்க வாங்க! விதவை வீட்டு பஸ்ல வந்தவரா?" காஸ்பர் இறங்கி வந்து அவர் கையில் ஒரு கிளாஸைத் திணித்தான். "ஆறுக்குப் பூஜ்யம்! ஜெயிச்சிட்டோம் சார், ஆறு வருஷத்துல முதல் தடவையா!"

"கேப்டன்...?"

"நல்லவேளை, வரல! சனிக்கிழமை டூரிஸ்ட் பஸ் வர்றப்ப அந்த ஆளை வீட்டுப் பக்கம் விடாம வெச்சிருக்கிறதுக்குத்தான் அவன் பொண்டாட்டி வாராவாரம் ஒரு சட்டி மீன் குழம்பு அனுப்புறா. அந்தக் குழம்புக்காகத்தான் சார் ஆறு வருஷமா அவனைக் கேப்டனா வெச்சுத் தோத்துக்கிட்டிருந்தோம்!"