ஆணியில் தொங்கிய ஏழு வருஷப் புகை

திருவொற்றியூரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும்போது, புகையைத் தேடி ஓடிய ஒரே மனிதர் எங்கள் புகை சார்தான்!

இரண்டாயிரமாவது வருஷத்தை ஒட்டி, காலடிப்பேட்டையில் எங்கள் மொட்டைமாடி அறைக்குக் குடிவந்தார். அரசாங்கம் கடன் வாங்குகிறது, ஊர் வளர்கிறது, புகையும் வளர்கிறது; மூன்றில் எது எதை இழுத்துக்கொண்டு போகிறது என்று கணக்குப் போட்டு டாக்டர் பட்டம் வாங்க வந்தவர். தொழிற்சாலைச் சிம்னி புகைந்தால் போதும், பாதிச் சவரத்தில் நுரையோடு மாடி விளிம்புக்கு ஓடுவார். "பாருங்க லூர்தம்மா, வளர்ச்சி போகுது!"

பக்கத்து வீட்டு லூர்து விடுவாளா? "இன்னா சார், ஒன் வளர்ச்சி எம் பொடவை மேல குந்திகினு கீது. நீயே தொவச்சிக் குடு!"

மெய்யாகவே துவைத்தார்! தண்ணீர் எவ்வளவு கறுத்தது என்று நோட்டிலும் எழுதிக்கொண்டார்.

நான் அவரிடம் பேசியதே இல்லை. கூச்சம். காசிமேட்டு மீனை மாடியில் கருவாட்டுக்குக் காயப்போடுவேன், இறங்கிவிடுவேன்.

ஒருநாள் படிக்கட்டில் இடிந்துபோய் உட்கார்ந்து லூர்துவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நாட்டுக் கணக்கெல்லாம் இருக்கும்மா. இந்த ஏரியாவுல எந்தெந்த நாள் புகை வந்துதுன்னு பழைய கணக்கு யார்கிட்டயும் இல்ல. அடுத்த வாரம் கொடுக்கலைன்னா பட்டம் போச்சு."

அவர் தலைக்கு மேலே ஆணியில் என் மாதக் காலண்டர்கள், ஏழு வருஷத்தவை, ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. தேதிகள் மேல் நிறையச் சிலுவைக் குறி. நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். சார் அவற்றை ஜெபம் இருந்த நாட்கள் என்று நினைத்து, இரண்டு வருஷமாக அந்த இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் மாடி ஏறுவார்!

எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ. "சார், அது ஜெபம் இல்ல. பொகைக் கரி வுழுந்து கருவாடு காயப்போடாத நாளு."

குதித்தார் பாருங்கள்! கையிலிருந்த செருப்பில் ஒன்று தெருவுக்குப் போனது, ஒன்று லூர்து வீட்டுக் கூரைக்கு.

"ஏழு வருஷமும் போட்டிருக்கீங்களா? ஒருநாள் விடாமலா?"

"ஞாயித்துக்கெயம மட்டும் இல்ல சார். பூசைக்குப் பூடுவேன்."

"இன்னாடி, சாருக்குப் பேய் கீய் புட்ச்சிகிச்சா?" என்றாள் லூர்து.

பட்டம் வாங்கிவிட்டார்! தடிப் புத்தகம் ஒன்று அனுப்பினார், எல்லாம் இங்கிலீஷ். கடன் எதை இழுத்ததோ, எனக்குத் தெரியாது. ஒரு பக்கத்தில் மட்டும் சின்னச் சின்னச் சிலுவைகளாக ஏறி இறங்கி ஒரு படம் இருந்தது. அதைப் படித்துவிட்டேன்.

கருவாடு போடுவதை விட்டுப் பல வருஷமாகிறது. ஆனாலும் கரி விழுகிற நாளில் ஒரு சிலுவை போட்டுவைக்கிறேன். திடீரென்று வந்து கேட்டால், அவரிடம் இல்லையென்று எப்படிச் சொல்வது?