மாலையும் கழுத்துமாக ஒரு வெப்சைட்

"என் போட்டோதான் மொதல்ல இருக்கணும். இல்லன்னா வெப்சைட்டே வேணாம்!"

ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை, காலையில் நான் சாமிக்குப் பூ வைத்துக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் போட்ட சபதம் இது. அவர் பேரைச் சொல்ல எனக்குக் கூச்சம். எங்கள் பட்டறை வாசலில் 'கொளஞ்சிநாதன் செராமிக்ஸ்' என்று போர்டு தொங்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

விருத்தாசலத்தில் பீங்கான் அகல்விளக்கும் பொம்மையும் செய்கிற சின்னப் பட்டறை. வீராயியோடு சேர்த்து ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். போன வருஷத்து விளக்கே பாதி வைக்கோலுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கார்த்திகைக்கும் போகாவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான். அந்த ஆறு பேரும் எங்கே போவார்கள்? தினமும் பிள்ளையாரிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மகள் காவியாதான் வெப்சைட் செய்து கொடுத்தாள். ஒரே பக்கம், ரெண்டு பத்தி. வலது பத்தியில் விளக்குகள். இடது பத்தியில், சபதப்படி, அவர் படமும் வாழ்க்கை வரலாறும். எந்தப் படம் தெரியுமா? பிள்ளைகள் செய்து வைத்த அறுபதாம் கல்யாணத்தில் எடுத்தது. ரோஜா மாலை காது வரைக்கும் இருக்கும். பக்கத்தில் நானும் இருந்தேன். வெட்டிவிட்டார்.

பதினைந்து நாள் ஆயிற்று. ஒரு ஆர்டர் இல்லை. அப்புறம் ஒருநாள் வீராயி தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நெய்வேலியில எங்க நாத்தனா போன்ல நம்ம வெப்சைட்டப் பாத்துச்சாம். 'ஒங்க மொதலாளி போயிட்டாருன்னு ஒரு வார்த்த சொல்லலியேடி'ன்னு அழுவுது."

"போயிட்டாரா? எங்க போனாரு?"

வீராயி விரலை வானத்துக்குத் தூக்கிக் காட்டினாள்.

என் போனில் திறந்து பார்த்தேன். திரை முழுக்க மாலை போட்ட முகம். அதன் கீழே, 'கருவேப்பிலங்குறிச்சியில் பிறந்த இவர், ஏழை எளியோரிடம் அன்பு காட்டினார்' என்று ஆரம்பித்து எட்டு பாரா. தள்ளித் தள்ளிக் கட்டைவிரல் நோகிறது, விளக்கு வரவேயில்லை. ஊதுவத்தி ஒன்றுதான் பாக்கி.

காவியாவைக் கூப்பிட்டேன்.

"கம்ப்யூட்டர் வாழை இலை மாதிரிம்மா. எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெக்கலாம். போன் டிபன் கேரியர். அகலம் பத்தாது, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிடும். இடது பத்தி மேலடுக்கு, வலது பத்தி கீழடுக்கு."

"அப்ப மேலடுக்குல உங்கப்பாவா?"

"ஆமா. பசியோட வர்றவங்க அவரைத் தாண்டித்தான் சோத்துக்கு வரணும்."

அவரிடம் மெதுவாகப் பேச்செடுத்தேன்.

"என்னங்க, போன்ல மட்டும் வெளக்கு மேல இருக்கட்டுமே. நீங்க கீழ..."

"கீழயா? நானா? முப்பது வருஷம் களிமண்ணுல கெடந்து மேல வந்தவன்டி!"

"அந்த மாலையையாவது..."

"மாலை இல்லாம என்ன மரியாதை?"

அவர் வைத்திருப்பது பட்டன் போன். வெப்சைட்டைப் பார்ப்பது பட்டறை முன்ரூமில் இருக்கிற கம்ப்யூட்டரில்தான். தலைவாரிப் பவுடர் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்து தன்னையே தரிசனம் செய்துவிட்டு வருவார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

"காவியா, இலையில அப்பா அங்கயே இருக்கட்டும். கேரியர்ல மட்டும் அடுக்கை மாத்திடு."

"ரெண்டு வரி வேலைம்மா. அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"நான் பாத்துக்கறேன்."

பிள்ளையாரிடமும் சொல்லிவிட்டேன். 'பொய் சொல்லல சாமி, எடத்தைத்தான் மாத்தினேன்.'

மூன்றாம் நாள் போன் அடிக்க ஆரம்பித்தது. நல்லூர், பெண்ணாடம், நெய்வேலி. வீராயி கூட்டத்துக்கு நிமிர நேரமில்லை. இவருக்குத் தரையில் கால் பாவவில்லை.

"பாத்தியா? மூஞ்சி ராசி!"

"ஆமாங்க," என்றேன். வேறென்ன சொல்ல?

பெண்ணாடம் கடைக்காரர் திருமால் விளக்குக் கூடைகளை ஏற்றிக்கொண்டு போக வேனோடு வந்தார். கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தவர், உள்ளேயிருந்து இவர் வந்ததும் டீயை வேட்டியில் கொட்டிக்கொண்டார்.

"ஐயா... நீங்க... இருக்கீங்களா?"

"இருக்கேனே! வெளிய போயிட்டதா சொன்னாங்களா?"

"அப்பவே ஆர்டர் சொல்லியிருப்பேங்க. துக்க வூட்டைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு பதினாறு நாள் பொறுத்தேன். அப்புறம் தெறந்து பாத்தா உங்க படத்தைக் கீழ எடுத்து வெச்சிருந்தாங்க. சரி, காரியம் முடிஞ்சுதுன்னு..."

இவர் திருமாலின் போனை வாங்கித் திரையைத் தள்ளிப் பார்த்தார். விளக்கு. விளக்கு. பொம்மை. மறுபடி விளக்கு. கடைசியில், ஆக அடியில், மாலையும் கழுத்துமாக அவர்.

சமையல்கட்டுக்கு வரும்போது முகம் சூளையாகத் தகித்தது.

"வளர்மதி! என்னைக் கீழ எறக்கினது யாரு?"

நான் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "ஏங்க, நம்ம பெரிய கோயிலுக்குப் போனா மொதல்ல யாரைக் கும்பிடறோம்?"

"ஆழத்துப் பிள்ளையாரை. அதுக்கென்ன இப்ப?"

"அவரு எங்க இருக்காரு?"

"படியெறங்கி... கீழ."

"கீழ இருக்கறதால கொறைஞ்சு போயிட்டாரா? தேடி எறங்கிப் போய்த்தானே கும்பிடறோம்?"

திரும்பிப் பார்த்தேன். அவர் மார்பு மெல்ல மெல்ல விரிந்துகொண்டிருந்தது. வெளியே வேனில் கடைசிக் கூடையும் ஏறிவிட்டது; பட்டறையில் வெறும் வைக்கோல்தான் மிச்சம். அடுத்த சூளைக்கு மண் கரைக்க வீராயி தண்ணீர் தூக்கிக்கொண்டு போனாள். என் மனசு நிறைந்துவிட்டது.

இவர் நேரே என் போனை எடுத்துக் காவியாவைக் கூப்பிட்டார்.

"காவியா! கம்ப்யூட்டர்லயும் அப்பாவைக் கீழயே வெச்சிரு. நல்லா ஆழத்துல. அதுல பாக்கற சனங்களும் எறங்கி வந்து பாக்கட்டும்!"

"எதுக்குப்பா? கம்ப்யூட்டர்ல நம்ம பக்கத்தைப் பாக்கறது ஒலகத்துலயே ஒருத்தர்தான். விருத்தாசலத்துல இருந்து, தெனம் நாலு தடவை."