லீக் அங்கிளின் ரோஸ் சிராப்

உலகத்தில் உள்ள எல்லாத் துன்பத்துக்கும் ஒரே காரணம்தான் என்று நம்பியவர் லீக் அங்கிள்: எங்கேயோ லீக் ஆகிறது. அவருடைய உண்மைப் பெயர் எங்கள் ஊரான பாரோயில் யாருக்கும் தெரியாது. ரப்பர் தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் பார்த்துக்கொண்டிருந்தவர். தோட்டத்தை விற்று வீடுகள் கட்டியதும், பழைய மோட்டார் சைக்கிளோடும் அந்த ஒரே ஆங்கிலச் சொல்லோடும் எங்கள் தாமான் குடியிருப்புக்கு வந்துவிட்டார்.

டயரில் காற்று இறங்கினால் லீக். கோயில் கமிட்டி ரகசியம் வெளியே வந்தால் லீக். கல்யாணப் பெண் அழுதால், "விடுங்கலா, கண்ணு லீக்கு, தானா நிக்கும்."

"கூரை ஒழுகுறதும் லீக்குதானே அங்கிள்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஒழுகுனா சத்தம் கேக்கும், வாளி வைப்பிங்க. லீக்கு சத்தமே போடாதுமா. உள்ளுக்குள்ளயே நடந்து வரும்."

நான் கேட்டிருக்கவே கூடாது. அப்போது என் கைக்குழந்தை படுக்கும் அறைச் சுவரில் ஈரம் பூத்திருந்தது. அவள் விடாமல் இருமிக்கொண்டிருந்தாள். ஈரம் காரணமாக இருக்கலாம், சுவரைக் காயவையுங்கள் என்றார் டாக்டர். 'இருக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று கேட்காமல் வந்துவிட்டு, கைப்பேசியில் தேடித் தேடி இன்னும் பயந்தேன். தொட்டிலைக் கூடத்துக்கு மாற்றினேன். அங்கே கொசு. திரும்ப மாற்றினேன். கடைசியில் அங்கிளைக் கூப்பிட்டேன்.

ஒரு பாட்டில் ரோஸ் சிராப்போடு வந்தவர், எங்கள் மாடிக் குளியலறைத் தரையில் முழுவதையும் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

"சிராப் எதுக்கு அங்கிள்?"

"தண்ணிக்கு மூஞ்சி இல்லமா. கலர் குடுத்தாதான் அடையாளம் தெரியும். பாப்பா ரூம்பு சுவத்துல செவப்பா வரும் பாருங்க."

"வரலன்னா?"

"வரலன்னா என் பேர மாத்திக்கிறேன்!"

வரவில்லை. பதிலாக, பக்கத்து வீட்டு மலாய் அக்கா காக் லீனா "அலாமாக்!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார். அவர் அடுப்படிச் சுவரில் ரோஜா நிறத்தில் தண்ணீர் இறங்கி, வடித்து வைத்திருந்த சோறு சிவந்துபோயிருந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. அங்கிளுக்கோ ஒரே ஆனந்தம். காக் லீனாவிடமே பலகாரத்துக்குப் போடும் பச்சைக் கலரை வாங்கி, அவர் வீட்டுக் குளியலறையில் கரைத்து ஊற்றினார். சாயங்காலம் என் மகளின் சுவரில் பச்சைக் கோடு ஒன்று மெல்ல இறங்கியது.

காக் லீனா பச்சையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உங்கள் வீட்டுத் தண்ணீரா என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் மனம் நோகுமே என்று, ஈரச் சுவரோடு இத்தனை நாளாக அவரும் தயங்கியிருக்கிறார், நானும் தயங்கியிருக்கிறேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அங்கிள் இரண்டு தரைகளையும் உடைத்துப் பூசினார். சிராப்பைத் தேடி ஊர் எறும்பெல்லாம் வந்துசேர்ந்தது. "இருக்கட்டும்மா, மிச்ச இனிப்ப அது கிளீன் பண்ணிரும்."

சுவர் காய்ந்தது. இருமலும் நின்றது. சுவரா, மருந்தா, எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். அங்கிளுக்குச் சந்தேகமே இல்லை. மழை பெய்தால் மோட்டாரில் நனைந்துகொண்டு வந்து, உள்ளங்கையை முதலில் சுவரில் வைப்பார். நான் சொல்லிக் கையைக் கழுவியபின், பாப்பாவின் முதுகில் வைப்பார்.

"ரெண்டும் ஓகேலா."

இந்த வாரம் மழையே இல்லை. இன்று காலை போன் செய்து, "சுவர் கொஞ்சம் ஈரமா இருக்கிற மாதிரி இருக்கு அங்கிள், ஒரு எட்டு வந்து பாருங்க" என்றேன்.

சுவர் நன்றாகத்தான் இருக்கிறது.