லப்பம் அடைத்த கூடம்

எடுத்த வேலை ஒன்றைக்கூட முடிக்காமல் திண்டிவனம் முழுக்கப் பேரெடுத்த ஒரே மனிதர் லப்பம்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். மரத்தில் விரிசல், இடுக்கு, ஓட்டை எதுவானாலும் மாவு போல லப்பம் குழைத்து அடைப்பார். அடைத்ததை மறுநாள் அவரே வந்து சுரண்டி எடுப்பார். அதுதான் தொழில்.

ரயிலடிப் பக்கம் ஒரு பழைய வீட்டின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். பின்னால் சேர்த்துக் கட்டிய, ஆள் திரும்ப இடமில்லாத சமையலறைக்கு மட்டும் சிமெண்டுத் தரை. கூடம் முழுவதும் பலகைத் தளம். பலகைகளுக்கு நடுவே சுண்டுவிரல் நுழையும். கீழே வீட்டுக்காரர் வீட்டில் என்ன குழம்பு என்று மேலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். சிலாம்பு குத்துமோ, தேள் ஏறுமோ, விரல் மாட்டுமோ என்று பயந்து என் மகனை நான் தரையில் விட்டதே இல்லை. இடுப்பே அவனுக்கு வீடு. பத்து மாதமாகியும் அவன் தவழவில்லை.

எங்கள் பக்கத்தில் குழந்தை முதன்முதலாக நிலைப்படி தாண்டினால் கொழுக்கட்டை பிடித்துத் தெருவுக்கே கொடுப்பார்கள். விழுப்புரத்திலிருந்து மாமியார் சொல்லியனுப்பினார்: "மாவு இடிச்சி வெச்சிக்கினு காத்துக்கினு இருக்கேன். அமாவாசைக்குள்ள தாண்டலைன்னா நானே வந்து புள்ளைய தூக்கிக்கினு வந்துடுவேன். இங்க சிமிட்டித் தரை, தன்னால தவழும்."

விழுப்புரத்துக்கு ரயிலில் வேலைக்குப் போய் வருகிற என் கணவர் இதை அப்படியே ஒப்பித்துவிட்டு, "அம்மா சொல்றதும் சரிதானே?" என்றார். பிள்ளையை அனுப்பிவிட்டு நான் எப்படி இருப்பேன்? ஒருவேளை அதுதான் அவனுக்கு நல்லதோ? இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்து, கடைசியில் லப்பத்தைக் கூப்பிட்டேன்.

முதலில் மரத்தூளையும் வஜ்ரப் பசையையும் குழைத்து அடைத்தார். மறுநாள் வந்து குனிந்து பார்த்தவர் முகம் சுளித்தார்.

"இன்னாம்மா இது? எவன் பண்ணான்?"

"நீங்கதான்."

"அதான் பாத்தேன். கேடுகெட்ட வேலை." கர் கர் என்று சுரண்டத் தொடங்கினார்.

அடுத்து மெழுகு. கத்திரி வெயிலில் மெழுகு உருக்கி ஊற்றும் யோசனை உலகத்தில் வேறு யாருக்கும் வந்திருக்காது. நடுப்பகலில் கீழிருந்து அலறல் கேட்டது.

"யோவ் லப்பம்! என் சோத்துல இன்னாய்யா ஊத்தறே?"

இவர் குப்புறப் படுத்து, இடுக்கில் வாயை வைத்துப் பதில் சொன்னார்: "கொஞ்சம் தள்ளிக் குந்துங்க சார். மெழுகு எங்க போவுதுன்னு பாத்துக்கினு இருக்கேன்."

வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நான் மேலே வருவதற்குள் மெழுகையும் சுரண்டியாயிற்று. கடைசியாகச் சுண்ணாம்புக்கல் பொடியும் எண்ணெயும் சேர்த்த அசல் லப்பம் வந்தது.

"குழந்தை வாயில வெச்சிட்டா என்ன ஆகும்ணே?"

"ஒண்ணும் ஆவாது. இந்தா பாரு." ஓர் உருண்டையை விழுங்கிக் காட்டினார். மறுநாள் ஆள் வரவில்லை. வயிற்றுவலியாம்.

அமாவாசைக்கு முதல்நாள் மொத்தக் கூடமும் அடைத்து முடிந்திருந்தது. "கையெடுத்துக் கும்பிடறேன், இனிமே சுரண்டாதீங்க" என்றேன். "சரிம்மா" என்றார். நான் சமையலறைக்குள் நுழைந்ததுமே கர் கர். எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பால் பொங்கி வழிந்தது. இடுப்பிலிருந்தவனைச் சட்டென்று கீழே இறக்கிவிட்டு அடுப்பை அணைத்தேன். திரும்பினால் அவனைக் காணோம்.

"யம்மா! ஜல்தி வாம்மா! ஒரே பேஜாரு! உம்புள்ள ஈர லப்பத்துல வருது!"

ஓடினேன். கூடத்தின் நடுவில் லப்பம் குப்புறப் படுத்திருந்தார். என் மகன் நிலைப்படியைத் தாண்டி, அந்தக் கர் கர் சத்தம் வந்த பக்கம் பார்த்துத் தவழ்ந்து போய்க்கொண்டிருந்தான். பயந்துபோய் அவர் சுரண்டுவதை நிறுத்தினார். அவனும் நின்றுவிட்டான்.

"தூக்கும்மா! வேலை கெடுது!"

"தூக்க மாட்டேன்! நீங்க சுரண்டுங்க!"

"அடச்சே, வேணாம்னியே?"

"சுரண்டுங்கண்ணே!"

சுரண்டினார். அவன் தவழ்ந்தான். அவர் படுத்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து சுரண்ட, கூடம் முழுக்க முட்டித் தடம் பதித்துக்கொண்டு அவர் மூக்கைப் பிடிக்கும்வரை போனான்.

மறுநாள் மாவோடு வந்த மாமியார், தெருவுக்கே கொழுக்கட்டை கொடுத்துவிட்டு, பிள்ளையைத் தூக்காமல் வெறுங்கையோடு ஊர் திரும்பினார். முதல் கொழுக்கட்டையை லப்பத்திடம்தான் நீட்டினேன். வாயில் போடாமல், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓரம் சரியா மூடலம்மா. பிரிச்சி மறுபடி புடி."

பிரித்து, மறுபடி பிடித்து, வேகவைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன்.